குளிர்பெட்டியைத் திறக்கும் முறை

முதலில் இடது கைக்குக் கம்பளிக் கையுறை.
பிறகு வலதுக்கு.
பாலை எடுத்து மேசையில் வை.
தான் குளிர்ந்திருந்ததை அது மறக்கும்வரை
தொடாதே.

இவ்வளவும் உர்சினா சொன்னது.
சொல்லிவிட்டுத் தன் கைப்பையிலிருந்து
ஒரு சோடியை எடுத்துத் தந்தாள்,
மகனுடையதாம், பெருவிரலில் நாய் கடித்த ஓட்டை.
அந்த மருந்து ஏறிய கிழமையில்
குளிர்ந்த எதுவும் மின்சாரம்.
கதவுக் குமிழ், கரண்டி, ஜனவரி மாதம்,
பீல் நகரம் முழுவதும்.

இருபத்திரண்டு வருஷம்
ஏரிக்கரை உணவகத்தின் உறைகூடத்துக்குள்
பழைய சுவெட்டரோடு போய் வந்தவன் நான்,
மைனஸ் பதினெட்டில்.
முதலாளிக்கு அவள்தான் தொலைபேசி எடுத்தாள்.
என்ன கதைத்தாளோ தெரியாது.
அடுத்த திங்கள் எனக்கு
உரிக்க உருளைக்கிழங்கும்
உட்கார ஒரு கதிரையும் கிடைத்தன.

அவள் அறையில் ஊசி இல்லை.
ஒரு தொலைபேசி, முப்பத்தேழு கோப்பு,
யாரோ தண்ணீர் ஊற்றியிருந்த
ஒரு பிளாஸ்டிக் செடி.
"ஹெர் தில்லையம்பலம்!" என்று
கதவைத் திறந்து அவள் கூப்பிடும்போது
செத்துப் பத்தொன்பது வருஷமான என் அப்பா
என்னோடு எழுந்து உள்ளே வருவார்.
இந்த நாட்டுத் தாள்களில்
தகப்பன் பெயர்தான் நான்.

முதல்நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.
மொழிபெயர்க்க மகளைக் கூட்டிப் போயிருந்தேன்,
பதினான்கு வயது, தோளில் பள்ளிக்கூடப் பை,
மத்தியானம் கணக்குச் சோதனை.
டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார்.
ஆரபி வாயைத் திறந்தாள்.
உர்சினா உள்ளங்கையை நீட்டினாள்,
ஓடும் பஸ்ஸை மறிப்பதுபோல.
"இது உன் வேலை இல்லை."
இரண்டு பிராங்கைக் கொடுத்து
கீழே மெஷினில்
சொக்கலேட் பால் குடிக்க அனுப்பினாள்.

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பெண்,
மட்டக்களப்புக் குரல், எந்த ஊரில் இருந்தாளோ,
பின்னால் ஒரு குக்கர் விசிலடித்தது.
"அண்ணன், குடல்ல புற்றுநோய் எண்டு சொல்றாங்க."
சொன்னவளுக்கு முகம் இல்லை.
அழுவதற்கு அது வசதியாக இருந்தது.

மகள் திரும்பி வந்தபோது
எல்லாம் தெரிந்த கண்.
வாயில் மட்டும்
சொக்கலேட்.

புதன் பத்து இருபதுக்கு அவள் அழைப்பாள்.
வயிற்றோட்டம் எத்தனை தரம், காய்ச்சல் உண்டா,
இடுப்புப் பையில் மருந்துப் பந்து
சுருங்கி முடிந்ததா.
ஒரு புதன் அழைக்கவில்லை.
முப்பத்தேழில் ஏதோ ஒரு கோப்பு
அன்று மூடப்பட்டிருக்க வேண்டும்.
மாலையில் பஸ் தரிப்பில் கண்டேன்,
பாணைக் கடித்தபடி
எதையும் பாராமல் நின்றாள்.
நான் தெருவின் மறுபக்கம் போனேன்.

ஒன்பதாம் முறை பொய் சொன்னேன்.
விரல் மரத்ததா? இல்லை.
கால்? இல்லை.
மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.
நாளைக்கு நேரில் வாருங்கள் என்றாள்.
போனதும்,
"சட்டைப் பொத்தானைப் போடுங்கள்."
மேலிருந்து மூன்றாவது.
சுவர் மணிக்கூடு நான்கு நிமிஷம் ஓடியது.
அவள் உதவவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.
பிறகு அளவைக் குறைக்கச் சொல்லி
டொக்டருக்கு எழுதினாள்.
அன்று முழுக்க அவளில் எனக்குக் கோபம்.
இன்று பொத்தான் போடுகிறேன்,
மெதுவாக என்றாலும்.

கடைசிநாளில் கேட்டாள்,
உங்கள் சொந்தப் பெயர் என்னவென்று.
சுகிர்தன், என்றேன்.
மூன்று தரம் முயன்றாள்.
மூன்று தரமும்
வேறு யாரோ ஒருவன் வந்து நின்றான்.

விடுங்கள் உர்சினா,
அப்பாவையே கூப்பிடுங்கள்.
அவருக்கு இந்த ஆஸ்பத்திரி
பழகிவிட்டது.